யார் கண்ணால் பார்க்கிறோம்?

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1899இல் எழுதிய ‘நாய்க்காரச் சீமாட்டி’யை நேற்று ராத்திரி மறுபடி படித்தேன். படர்க்கையில் சொல்லப்பட்ட கதைதான், ஆனால் நாம் கடைசிவரை கதாநாயகன் குரோவின் மனசுக்குள்ளேயே இருக்கிறோம். முதல் நெருக்கத்துக்குப் பிறகு, அந்தச் சீமாட்டியான அன்னா, அவளும் மணமானவள், குற்ற உணர்ச்சியில் நொறுங்கி உட்கார்ந்திருக்கிறாள். அவனோ மேசையிலிருந்த தர்பூசணியில் ஒரு துண்டு வெட்டி நிதானமாகத் தின்கிறான். அரை மணி நேரம் பேச்சே இல்லை. அந்த இடத்தில் அவன்மேல் கோபமாக வருகிறது. அப்படியும் முடிவில் அவனுக்காகத்தான் மனசு கனக்கிறது. பக்கத்திலேயே இருந்து பார்த்துவிட்டோம் இல்லையா, அதனால்தான்.

இந்த முறை என்னை உறுத்தியது அவன் மனைவி. கறுத்த புருவம், விறைப்பான தோரணை, குறுகிய புத்தி. அவளைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவன் கண்ணில் பட்டது மட்டும்தான். டிசம்பர் விடுமுறையில், ஓர் இளைஞனுக்கு உதவப் பீட்டர்ஸ்பர்க் போகிறேன் என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டு அன்னாவின் ஊருக்குக் கிளம்புகிறான். செகாவ் அதை ஒரே வரியில் கடந்துவிடுகிறார். சரி, குரோவுக்கு அது ஒரு வரிதான். அதே காலையை அவள் ‘நான்’ என்று சொல்லத் தொடங்கியிருந்தால், அந்தப் பொய்யே முழுக் கதையாகியிருக்கும். அன்னா அதில் பெயர்கூட இல்லாத யாரோ ஒருத்தியாக இருந்திருப்பாள்.

அப்புறம் வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அவன் பெட்டி கட்டும்போது அவள் எந்த அறையில் இருந்திருப்பாள்?