நாற்பத்தெட்டுக் கட்டில்

நவம்பர் 2

விடுதியில் 48 கட்டில். டிசம்பர் 8-ல் தொடங்கும் நிகழ்தகவுப் பயிலரங்குக்கு வருகிறோம் என்று உறுதி சொன்னவர்கள் 54 பேர்.

நூற்றுக்குப் பதினைந்து பேர் எப்படியும் கடைசி வாரத்தில் கழன்றுகொள்வார்கள் என்று நம்பித்தான் 54 வரை போனது. ஈருறுப்புப் பரவலில் போட்டால் சராசரி 45.9, திட்ட விலக்கம் 2.6. 48-ஐத் தாண்டி ஆள் வந்து நிற்க நிகழ்தகவு 0.16. பகடையில் ஆறு விழுகிற வாய்ப்புதான். பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும். யார் அப்படி எடுக்கிறார்கள்? ஒரே துறையிலிருந்து ஆறு ஆய்வு மாணவர்கள் வருகிறார்கள். அங்கே தேர்வுத் தேதி மாறினால் ஆறு பேரும் சேர்ந்து நின்றுவிடுவார்கள். ஹவுரா வண்டியில் ஒன்பது பேர். வந்தால் ஒன்பது, தவறினால் ஒன்பது. எந்த இருவருக்கும் இடையே ஒட்டுறவு, அதாவது சேர்ந்தே வரும் அல்லது நிற்கும் போக்கு, வெறும் 0.05 என்று வைத்தாலே பரவற்படி (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) 1 + 53 × 0.05, அதாவது 3.65 மடங்காகிறது. திட்ட விலக்கம் 5-க்கு வந்துவிடுகிறது. இந்த ஒட்டுறவையும் சேர்த்துக்கொள்ளும் பீட்டா-ஈருறுப்புப் பரவலில் போட்டுப் பார்த்தேன்: கட்டில் போதாமல் போகும் நிகழ்தகவு 0.35. மூன்றில் ஒன்றுக்கும் மேல்!

நிகழ்தகவு சொல்லிக்கொடுக்கிற இடத்தில் சார்பின்மையை இவ்வளவு எளிதாக எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

நவம்பர் 3

மூன்றாவது விரிவுரையாளரின் விசா: தகவல் இல்லை.

நவம்பர் 6

கால அட்டவணை, ஐந்தாவது வடிவம். தொடர் விரிவுரை மூன்று. ஒவ்வொன்றிலும் 75 நிமிட வகுப்பு நான்கு. 60 நிமிடத்தில் கரும்பலகையில் ஒரு நிறுவலைத் தொடங்கி முடிக்க முடியாது. 90 நிமிடம் கொடுத்தால் கடைசிக் கால் மணி நேரம் பேனாக்கள் நின்றுவிடுகின்றன. 75 சரியாக வருகிறது.

மூன்றாமவரின் நான்கு வகுப்பையும் செவ்வாய் முதல் வெள்ளி வரை வைத்தாயிற்று. விசா தாமதமானால் ஒரு நாள் கையில் இருக்கும்.

தேநீர் இடைவேளையை 20 நிமிடமாகக் குறைக்கச் சொல்கிறார்கள். உள்ளூர்க்காரர்களையும் சேர்த்து 60 பேர். ஒரே டிரம்மில் காபி பிடித்தால் ஆளுக்கு 10 நொடி, கடைசி ஆளுக்கு 10 நிமிடம். இடைவேளையில் பாதி வரிசையிலேயே கழியும். இரண்டு டிரம், அரங்கின் இரண்டு மூலையில், சர்க்கரை போடாததற்குத் தனி ஃபிளாஸ்க். இடைவேளை 30 நிமிடம். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். மேடையில் கேட்கத் தயங்குகிற மாணவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்.

புதன் மதியம் காலியாக இருக்க வேண்டும். அங்கே நான்கு உரைகளைச் செருகலாம் என்ற யோசனை மறுபடி வந்திருக்கிறது. செருகக் கூடாது.

நவம்பர் 9

ஓபர்வோல்ஃபாக் நினைவாகவே இருக்கிறது. ஜெர்மனியின் கறுப்புக் காட்டுக்குள் 1944-ல் தொடங்கிய கணித நிலையம். அங்கே சாப்பாட்டு மேசையில் எங்கே உட்காருவது என்பது நம் கையில் இல்லை. பெயர் எழுதிய துணி உறையில் கைத்துண்டு இருக்கும். அதை ஒவ்வொரு வேளையும் இடம் மாற்றி வைத்துவிடுவார்கள். புதன் மதியம் மலைப்பாதையில் நடந்து சாங்க்ட் ரோமானுக்குப் போய் செர்ரி கேக் சாப்பிடுவது வழக்கம். அன்று மதியம் உரை கிடையாது.

இங்கே துணி உறை வேண்டாம், மெஸ் வாசலில் டோக்கன் டப்பா போதும். பத்து மேசை, மேசைக்கு ஆறு பேர். குறிப்பிட்ட இருவர் ஒரு வேளையில் ஒரே மேசையில் உட்கார நிகழ்தகவு 5/59. எட்டு வேளைக்குப் பிறகும் ஒருமுறைகூடச் சேராமல் இருக்க (54/59)⁸, அதாவது 0.49. ஐந்து நாள் குலுக்கிப் போட்டும் பாதி ஜோடிகள் ஒரே மேசைக்கு வருவதில்லை. குலுக்காமல் விட்டால் ஒரே ஊர்க்காரர்கள் எட்டு வேளையும் ஒரே மேசை.

மெஸ் பொறுப்பாளரிடம் சொன்னேன். “சார், டோக்கன் கிழிஞ்சு போயிடும், பிளாஸ்டிக்ல வாங்கிடுங்க” என்றார். வாங்க வேண்டும். 60, பத்து நிறத்தில்.

நவம்பர் 12

கரும்பலகை. மேலும் கீழும் நகரும் பலகை இரண்டு ஜோடி. வலது ஜோடியில் பின்பலகை பாதியில் சிக்குகிறது. எடைக்கட்டியின் கம்பி உருளையிலிருந்து இறங்கியிருக்கிறது. தச்சரால் ஆகாது, லிஃப்ட் பழுதுபார்ப்பவர்தான் வர வேண்டும்.

கீழ்ப்பலகையின் கடைசி அரையடி ஏழாவது வரிசைக்குப் பின்னால் தெரிவதில்லை. அங்கே சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது, அதற்குக் கீழே எழுத வேண்டாம் என்பதற்கு. பலகையில் க்ஸை (ξ), ஸீட்டா (ζ) என்ற கிரேக்க எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. விரல் நீளத்துக்கு எழுதிய பிறகுதான் பிரிந்தன. இதைப் பேச்சாளர்களுக்கு எழுத வேண்டும்: ஒரே உரையில் க்ஸையும் ஸீட்டாவையும் சேர்த்து வைக்காதீர்கள்.

மழைக்காலத்தில் பெரிய தொல்லை ஈரம். ஈரத்துணியால் துடைத்த பலகை மே மாதத்தில் இரண்டு நிமிடத்தில் காயும். இப்போது எட்டு நிமிடம் பிடித்தது. காயாத பலகையில் எழுதினால் எழுதும்போது மங்கலாக இருக்கும், காய்ந்ததும் பளிச்சென்று ஏறிவிடும், பிறகு டஸ்டருக்கு அழியாது. அடுத்த வகுப்பின் சூத்திரத்துக்கு அடியில் முந்தைய வகுப்பின் பேய் தெரியும். முதலில் ஈரத்துணி, உடனே கண்ணாடி துடைக்கிற ரப்பர் பட்டையால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. அரை நிமிடத்தில் எழுதலாம். ரப்பர் பட்டை இரண்டு, துணி ஆறு, வாளி இரண்டு.

சாக்பீஸ் ஒரு வகுப்புக்கு நாலைந்து தேயும். கணிதக்காரர்கள் கொண்டாடுகிற ஹகோரோமோ, ஜப்பானில் 2015-ல் தயாரிப்பு நின்று கொரியாவுக்குப் போனது. ஒரு பெட்டி இருக்கிறது. தொடர் விரிவுரைக்கு மட்டும்.

நவம்பர் 15

விசா தாமதத்துக்குக் காரணம் நம் கடிதம்தான். பாஸ்போர்ட்டில் இடைப்பெயர் இருக்கிறது, அழைப்புக் கடிதத்தில் இல்லை. மாநாட்டு விசாவுக்கு அழைப்புக் கடிதத்தோடு வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியும் உள்துறை அமைச்சகத்தின் நிகழ்ச்சி அனுமதியும் இணைக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே தேதி, ஒரே தலைப்பு. ஒரு எழுத்துப் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடிதம் தட்டச்சு செய்திருந்தால் போதும். செய்யவில்லை.

புதிய கடிதம் இன்று போனது.

நவம்பர் 16

மழை.

நவம்பர் 19

சுவரொட்டி அமர்வுக்குப் பதினான்கு பேர். அளவு ஏ-ஜீரோ, 841 × 1189 மில்லிமீட்டர், செங்குத்தாக மட்டும். பலகையின் அகலம் ஒரு மீட்டர். படுக்கையாக அடித்துக்கொண்டு வந்தால் இருபக்கமும் துருத்தி, பக்கத்துச் சுவரொட்டியின் முடிவுரையை மறைக்கும்.

ஒரு மாணவி மாதிரிக்கு அடித்துக் கொண்டுவந்தார். கூட்டல் குறி சிக்மா இருக்க வேண்டிய இடமெல்லாம் சின்னச் சின்னக் கட்டம். காரணம் தெரிந்ததுதான்: ஃப்ளெக்ஸ் கடையில் பி.டி.எஃப்-ஐ நேராக அச்சுக்கு விட மாட்டார்கள், கோரல்டிராவில் திறப்பார்கள். கணிதம் தட்டச்சு செய்யும் லேடெக் மென்பொருளின் எழுத்துருக்கள் அந்தக் கணினியில் இருக்காது. தமிழ் எழுத்துரு கிடைக்காமல் கல்யாணப் பத்திரிகை சிதைகிற அதே கதை. பி.டி.எஃப்-ஐப் படமாக மாற்றி எடுத்துப்போவதுதான் வழி. 150 டிபிஐ (அங்குலத்துக்கு 150 புள்ளி) போதும்: 4967 × 7022 புள்ளி. இரண்டடி தள்ளி நின்று படிப்பவருக்குப் பிசிறு தெரியாது. எல்லோருக்கும் மின்னஞ்சல் போயிற்று.

சுவரொட்டியில் நிறுவல் வேண்டாம் என்றும் எழுதினேன். ஒரு தேற்றம், ஒரு படம், ஒரு எதிர்க்காட்டு.

நவம்பர் 22

குறியீட்டுச் சண்டை. ரேண்டம் கிராஃபில் எந்த இரண்டு முனைகளையும் ஒரு விளிம்பு இணைக்கும் நிகழ்தகவு p. முதல் விரிவுரையில் p நிலையான எண். இரண்டாவதில் முனைகள் பெருகப் பெருக p பூஜ்யத்தை நோக்கிப் போகிறது. மூன்றாவதில் p என்றால் வேறு எதுவோ. புதிதாக வரும் மாணவர் இதிலேயே இரண்டு நாள் தொலைத்துவிடுவார். ஒரு பக்கக் குறியீட்டுத் தாள் தயாராகிறது. மூவரும் ஒப்புக்கொண்டால்தான் அச்சுக்கு.

பொருள் இதுதான்: ரேண்டம் கிராஃபில் எதிர்பார்த்ததைவிட மிக அதிக முக்கோணங்கள் இருந்துவிட்டால் அது எப்படி நடந்திருக்கும்? எல்லா விளிம்பும் கொஞ்சம் கொஞ்சமாக அதிகமானதா, அல்லது ஒரு மூலையில் கொத்தாகச் சேர்ந்ததா? p நிலையாக இருக்கும் அடர்ந்த கிராஃபுக்குப் பெருவிலக்கக் கொள்கையை, அதாவது இப்படிப்பட்ட அரிய நிகழ்வுகளின் நிகழ்தகவு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை, 2011-ல் நிறுவியவர்கள் சௌரவ் சாட்டர்ஜியும் வரதனும். வரதன் 1940-ல் இதே சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்தவர். 2007-ல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு.

மாணவர்கள் தடுக்கி விழும் இடம் வேகம். நாணயத்தை n முறை சுண்டுவதில் அரிய விளைவின் நிகழ்தகவு e-யின் அடுக்கில் −n-க்கு விகிதமாகக் குறைகிறது, n முனை உள்ள கிராஃபில் −n²-க்கு. விளிம்புகளின் எண்ணிக்கை n(n−1)/2 என்பதால் அப்படி. இதை முதல் பயிற்சித் தாளின் முதல் கணக்காக வைக்கச் சொல்லியிருக்கிறேன்: முக்கோணத்தை மறந்துவிட்டு விளிம்புகளை மட்டும் எண்ணு. சராசரி வெகுவாக விலகும் நிகழ்தகவு எப்படிக் குறைகிறது என்று சொல்லும் க்ராமர் தேற்றம் அப்படியே வந்துவிடும். தாளுக்கு ஆறு கணக்கு; முதல் இரண்டு எல்லோருக்கும் வர வேண்டும், கடைசி ஒன்று யாருக்கும் வராமல் போனாலும் பரவாயில்லை.

நவம்பர் 23

அந்த க்ராமர் தேற்றமே ஒரு மாநாட்டு உரைதான்! 1937 அக்டோபர், ஜெனீவா, நிகழ்தகவுக்கென்றே பிரெஞ்சுக் கணிதர் ஃப்ரெஷே தலைமையில் கூடிய கூட்டம். அச்சில் வந்தது 1938-ல். புள்ளியியலாளர் ஸ்டைனும் அப்படியே: மூன்று பரிமாணமோ அதற்கு மேலோ போனால் சராசரியைவிட மேலான மதிப்பீடு உண்டு என்பது 1956-ல் வந்தது பெர்க்லி சிம்போசியத்தின் தொகுதியில்.

எந்தக் குட்டி உரையையும் கடைசி நிமிடத்தில் வெட்டிவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது. எந்த 25 நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

நவம்பர் 28

ஆறு பேர் வரவில்லை. தேர்வுத் தேதி. ஆறு பேரும் ஒரே மின்னஞ்சலில்.

54 − 6 = 48.

டிசம்பர் 1

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம்.

டிசம்பர் 3

விசா வராவிட்டால் என்ன செய்வது என்று ஒத்திகை. பலகையைக் காட்ட ஒரு கேமரா போதாது. அகலமாக வைத்தால் எழுத்து தெரியாது, நெருக்கமாக வைத்தால் கை நகர்ந்த இடம் தெரியாது. அவர் அங்கே டேப்லெட்டில் எழுதி இங்கே திரையில் காட்டலாம், ஆனால் திரையில் ஒரு பக்கம்தான் நிற்கும், நாலு பலகை நிற்காது. முந்தைய பக்கத்தை இரண்டாவது புரொஜெக்டரில் காட்டினால் ஓரளவு சரியாகிறது. ஒரு மாணவர் அதற்கென்றே உட்கார வேண்டும்.

வேண்டாம். அவர் வரட்டும்.

டிசம்பர் 4

வந்துவிட்டது. விசா வந்துவிட்டது. திங்கள் இரவு இறங்குகிறார்.

டிசம்பர் 7

தண்டவாளத்தில் தண்ணீர். ஹவுரா வண்டி 14 மணி நேரம் தாமதம். ஒன்பது பேர் அதில். தனியாக நின்றுபோனவர்கள் இரண்டே பேர். இரவு கணக்கில் 37 கட்டில்.

காலை முதல் வகுப்பை மாற்றியாயிற்று. தொடரின் முதல் வகுப்பைத் தவறவிட்டவர் நான்கையும் தவறவிட்ட மாதிரிதான். மற்ற மூன்றிலும் உட்கார்ந்திருப்பார், அவ்வளவே. அதனால் உள்ளூர்க்காரர்களின் 25 நிமிட உரைகள் காலையில், தொடர் 11.30-க்கு. உள்ளூர்ப் பேச்சாளர்கள் மூவரும் இரவு பத்து மணிக்குக் கேட்டும் சரி என்றார்கள்.

ரயிலில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு கிடைத்ததா தெரியவில்லை. வந்ததும் இட்லி தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறது, எத்தனை மணியானாலும்.

டிசம்பர் 8

11.10. ஒன்பது பேரும் பெட்டியோடு நேரே அரங்குக்கு. 46.

டிசம்பர் 9

காலை உரைக்குத் தலைமை ஏற்றவர் மீதி நிமிடம் சொல்லும் 10, 5, 0 அட்டைகளைக் காட்டினார். பேச்சாளர் பார்க்கவே இல்லை. அட்டை பிடித்தவர் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். நாளை முதல் தலைமை நடு வரிசையில், பேச்சாளரின் கண்ணுக்கு நேராக. பூஜ்யம் காட்டியதும் எழுந்து நிற்க வேண்டும். உட்கார்ந்தபடி காட்டுகிற பூஜ்யத்துக்கு யாரும் நிறுத்துவதில்லை.

முதல் கேள்வி மாணவர்களுக்கு என்று அறிவித்தோம். முப்பது நொடி மௌனம். தலைமை தாங்கியவர் அதை நிரப்பாமல் பொறுத்திருந்தார், அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். முப்பத்தோராவது நொடியில் ரயிலில் வந்த பெண் கேட்டார்: “கொத்து ஒரு மூலையிலதான் சேரணுமா? ரெண்டு மூலையில பிரிஞ்சு சேர்ந்தா செலவு கூடுமா?” பேச்சாளர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

டிசம்பர் 10, புதன், மதியம் 2.40

மாமல்லபுரம் பேருந்து போய்விட்டது. பதினோரு பேர் போகவில்லை. அரங்கில் மூன்று பலகை நிரம்பிவிட்டது. நான்காவதில் நேற்றைய கேள்வி, இரண்டு கொத்தோடு. மின்விசிறியைக்கூட யாரும் போடவில்லை. துணியும் ரப்பர் பட்டையும் மேல்மாடியில் இருக்கின்றன, எடுத்துக்கொண்டு