போகும்போது விமானம், திரும்பும்போது பிருந்தாவன்

எங்கள் வீடு குரோம்பேட்டையில். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் கண்ணுக்குத் தெரியும். "விமான நிலையத்தை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு யாராவது பெங்களூருக்கு ரயிலில் வருவார்களா அக்கா?" என்று ஜெயநகரில் இருக்கும் தங்கை கேட்காத ஆண்டு இல்லை. இந்த முறை அவள் பேச்சைக் கேட்க வேண்டியதாகிவிட்டது. அவள் மகளின் பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்னால்தான் எனக்கு விடுப்பு உறுதியானது. ரயில் முன்பதிவோ 60 நாள் முன்பே திறந்துவிடும். வெள்ளிக்கிழமைக்கு எந்த வண்டியைப் பார்த்தாலும் காத்திருப்போர் பட்டியல். சென்னையிலிருந்து பெங்களூருக்குப் பறப்பவர்களில் பாதிப் பேர் ரயிலில் இடம் கிடைக்காதவர்கள்தான் என்பது என் நெடுநாள் சந்தேகம். அந்தப் பாதியில் நானும் சேர்ந்தேன்.

விமானம் காலை 8.40க்கு. 6.15க்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். பெட்டியை ஒப்படைத்துவிட்டு இறங்கிய இடத்தில் காத்து நிற்பானேன் என்று எல்லாவற்றையும் கைப்பையிலேயே அடைத்திருந்தேன். தங்கை மகளுக்கு முறுக்கு, தங்கைக்கு அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாய். பாதுகாப்புச் சோதனையில் பை தனியாக ஒதுங்கியபோதே வயிற்றைக் கலக்கியது. ஊறுகாயைக் கையில் எடுத்துப்போகக் கூடாதாம். அந்த விதி எனக்குத் தெரியாது. தெரியாதது என் தப்புத்தான். மூன்று மாதம் வெயிலில் வைத்து எடுத்த ஊறுகாய் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில், யாரோ விட்டுப்போன லைட்டர்களோடு போய்ச் சேர்ந்தது.

அதன்பின் விமானம் ஐம்பது நிமிடம் தாமதம். ஆகாயத்தில் இருந்தது நாற்பது நிமிடம். தண்ணீர்ப் பாட்டிலைத் திறப்பதற்குள் இருக்கையை நிமிர்த்தச் சொல்லிவிட்டார்கள்.

பெங்களூரில் இறங்கிவிட்டேன் என்று தங்கைக்குச் செய்தி அனுப்பினேன். அது பாதி உண்மை. நான் இறங்கியிருந்தது தேவனஹள்ளியில். 2008 மே மாதத்துக்கு முன்பு விமானங்கள் ஊருக்குள்ளேயே, எச்ஏஎல் விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்தன. அந்தக் காலத்தில் இந்தப் பயணத்துக்கு விமானம் என்றால் அதில் நியாயம் இருந்தது. இப்போது நகரின் நடுப்பகுதிக்கே 35 கிலோமீட்டருக்குக் குறையாது. ஜெயநகரோ ஊரின் தெற்குக் கோடி. வாயு வஜ்ரா பஸ் சொகுசானதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹெப்பாள் மேம்பாலத்தை நெருங்கும்போது சொகுசு பஸ்ஸும் சாதாரண பஸ்ஸும் ஒன்றுதான். தங்கை வீட்டுப் படியேறும்போது மணி ஒன்று.

ஆறேமுக்கால் மணி நேரம். வந்தே பாரத்தில் வந்திருந்தால் விடியற்காலை நாலரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும், 5.50க்கு சென்ட்ரலில் ஏறி, பத்தேகால் வாக்கில் பெங்களூர் சிட்டியில் இறங்கி, பக்கத்திலேயே மெஜஸ்டிக்கில் மெட்ரோ பிடித்து, பதினொன்றரைக்குள் ஜெயநகர். ஏறத்தாழ அதே நேரம். ஆனால் விமானத்தில் அந்த நேரம் முழுதாக என் கைக்குக் கிடைக்கவே இல்லை. வரிசையில் இருபது நிமிடம், காத்திருக்கும் கூடத்தில் அரை மணி, பஸ்ஸுக்காகப் பத்து நிமிடம் என்று சில்லறையாகக் கிடைத்தது. பைக்குள் ஒரு தடித்த நாவல் இருந்தது. பதினோரு பக்கம் படித்திருந்தேன்.

ஒரு வேடிக்கை உண்டு. சென்னை–மைசூரு வந்தே பாரத்துக்குக் கொடியசைத்ததும், தேவனஹள்ளியில் மூங்கில் கூரையும் தொங்கும் செடிகளுமாக இரண்டாவது முனையத்தைத் திறந்துவைத்ததும் ஒரே நாளில்தான்: 2022 நவம்பர் 11. ரயில், விமானம் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் ஒரே நாளில் சீர் செய்து அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிறன்று திரும்புவதற்கு பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் இரண்டாம் வகுப்பு இருக்கை கிடைத்தது. 1964 முதல் ஓடும் வண்டி. டிக்கெட் 200 ரூபாய்க்குள். விமானத்துக்கு மூவாயிரத்துக்கு மேல் அழுதிருந்தேன். மூன்று மணி வாக்கில் கிளம்பியது. சன்னல் ஓரம். வலப்பக்கம் வேண்டும் என்று கேட்டு மாறிக்கொண்டேன், காரணம் பிறகு.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேல். விமானத்தில் வருகிறவர்களுக்கு அந்த உயரம் வெறும் எண். ரயிலில் அது உடம்பில் இறங்கும். பங்காரப்பேட்டை வரை சட்டைக்குள் குளிர்காற்று. குப்பத்தில் சில நிமிடம் ஆந்திராவுக்குள் நுழைந்து, பெயர்ப்பலகையில் கன்னடம் போய்த் தெலுங்கு வந்து, அதைப் படித்து முடிப்பதற்குள் தமிழ் வந்துவிடும். அங்கிருந்து வண்டி வளைந்து வளைந்து, பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குகிறது. பாறையும் புதர்க்காடும். ஜோலார்பேட்டைக்கு வரும்போது காற்றின் குணமே மாறியிருக்கும். எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து, "இனி நம்ம ஊர்" என்றார்.

ஜோலார்பேட்டை தாண்டியதும் வலப்பக்கம் ஏலகிரி. அதற்காகத்தான் இடம் மாறியது. சாயங்கால வெயில் மலைமேல் விழுந்து அரைமணி நேரம் கூடவே வந்தது. 2019இல் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, இந்த ஜோலார்பேட்டையிலிருந்துதான் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கத்துக்கு வந்தது. வாணியம்பாடியையும் ஆம்பூரையும் தாண்டுகையில் தோல் பதனிடும் நெடி லேசாக வந்து போனது. பாலாற்றில் வழக்கம்போல மணல். மசால் வடை வந்தது, சூடில்லை, இரண்டு வாங்கினேன்.

காட்பாடிக்குப் பிறகு இருட்டிவிட்டது. நாவலை எடுத்தேன். வாலாஜா ரோடு கடந்தபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தேன். 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து இந்த வாலாஜா ரோடு வரைக்கும்தான் ஓடியது. அதே தடத்தில் போகிறோம் என்று பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் காதில் பாட்டு மாட்டியிருந்தாள். விட்டுவிட்டேன்.

விமானமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. பெங்களூரிலிருந்து வெளிநாட்டு விமானம் பிடிக்க வேண்டியவர் பறந்துதான் போக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் தங்கை கணவரை இரவோடு இரவாக மருத்துவமனையில் சேர்த்தபோது நானும் கடைசி விமானத்தில்தான் போனேன். அன்று தேவனஹள்ளி தூரமாகவே தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு மேல் சென்ட்ரல். சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் மின்சார ரயிலில் ஏறினேன். நாவலில் 140 பக்கம் முடிந்திருந்தது. வீட்டுக் கதவைத் திறந்த அம்மா, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"நார்த்தங்காயைத் தின்று பார்த்துவிட்டு அவள் என்ன சொன்னாள்?"

பையைக் கீழே வைக்கவும் செருப்பைக் கழற்றவும் வெகு நேரம் எடுத்துக்கொண்டேன்.