மொட்டை மாடி நிலாப் படங்களிலிருந்து 248 வரை

வாக்கியப் பஞ்சாங்க முறையில் நிலவுக்கு 248 வாக்கியங்கள் உண்டு, நாளுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் நிலவின் இடத்தைச் சொல்லும் எண்ணை எழுத்துகளில் ஒளித்து வைத்த சிறு சொற்றொடர். வரருசி செய்தவை என்பது மரபு. முதல் வாக்கியம் ‘கீர்ந: ச்ரேய:’. கடபயாதிப்படி (ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம் தரும் பழைய முறை) எழுத்துகளை எண்ணாக்கினால் 3, 0, 2, 1. வலமிருந்து படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை (பாகை என்பது டிகிரி, அதில் அறுபதில் ஒரு பங்கு கலை), முதல் நாளில் நிலவு நகரும் தூரம். (இந்தக் ‘கீ’ வடமொழியின் மூன்றாவது க, அதனால்தான் 3. தமிழ் எழுத்தை மட்டும் பார்த்து நான் முதலில் 1 என்று போட்டு ஒரு சாயங்காலம் முழுக்கத் தடுமாறினேன்.)

ஏன் 248? நிலவு பூமியை விட்டு மிகவும் விலகிப் போய், நெருங்கி வந்து, மறுபடி அதே விலகலுக்குப் போக 27.55455 நாள் ஆகிறது. அப்படி ஒன்பது சுற்று முடிய 248 நாளுக்கு 13 நிமிடம்தான் குறைவு, அதனால் 248 நாள் முடிந்ததும் அதே வாக்கியங்களை மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன், சரி, ஆனால் அந்த 27.55-ஐ நானே அளந்து 248-க்குப் போய்ச் சேர முடியுமா என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வழி எளிது. நிலவு நெருங்கினால் பெரிதாகத் தெரியும், விலகினால் சிறிதாகத் தெரியும். 300 மி.மீ. லென்ஸ், முக்காலி, மொட்டை மாடி. என் கேமராவில் நிலவின் விட்டம் சுமார் 660 பிக்சலிலிருந்து 750 வரை மாறியது.

முதல் ஆறு மாதம் பௌர்ணமிக்கு மட்டும் படம் எடுத்தேன், வட்டம் முழுதாக இருக்கும், அளக்க வசதி என்று. அது தவறு. 29.53 நாளுக்கு ஒருமுறை மட்டும் பார்த்தால், 27.55 நாளில் ஏறி இறங்குவது கண்ணில் படாது, அதற்குப் பதிலாகச் சுமார் 411 நாள் நீளமுள்ள மெதுவான ஒரு அலைதான் தெரியும். ‘சூப்பர் மூன்’ பதினான்கு பௌர்ணமிக்கு ஒருமுறை திரும்பி வருவதும் இதனால்தான். அந்த ஆறு படங்களை ஒதுக்கிவிட்டு, வானம் திறக்கும் இரவெல்லாம் எடுக்கத் தொடங்கினேன். பதினான்கு மாதத்தில் 97 படம் சேர்ந்தது. அமாவாசையை ஒட்டி எதுவும் கிடைக்காது, வடகிழக்குப் பருவமழையில் பத்து நாள் சேர்ந்தாற்போல் மேகம். பிறை நாட்களில் ஒளிர்ந்த விளிம்பில் இருபது புள்ளி குறித்து அவற்றின் வழியே வட்டம் பொருத்தினேன். கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் விழுந்தாலே விளிம்பு கசிந்து விட்டம் நாலைந்து பிக்சல் கூடிவிடுகிறது, அதனால் விளிம்பு வெளுத்துவிட்ட படங்களை இந்த 97-இல் சேர்க்கவே இல்லை.

லீஸ்ட் ஸ்கொயர்ஸ் முறையில் (அளவுகளிலிருந்து மொத்த விலகல் மிகக் குறைவாக இருக்கும்படி) ஓர் அலையைப் பொருத்தியதும் வந்தது 27.53 நாள், பிழை வரம்பு 0.05. இங்கேதான் எண் கோட்பாடு உள்ளே வருகிறது. 27.48-க்கும் 27.58-க்கும் நடுவில் இருக்கும் பின்னங்களில் மிகச் சிறிய பகுதி (கோட்டுக்குக் கீழே உள்ள எண்) கொண்டது எது? 55/2. அதாவது என் தரவு உறுதியாகச் சொன்னது ‘55 நாளில் இரண்டு சுற்று’ என்பதை மட்டும்தான். 248/9-உம் அந்த வரம்புக்குள் இருந்தது, ஆனால் விடை முன்கூட்டியே தெரியும் என்பதற்காக அதை எடுத்துக்கொள்வது நேர்மையில்லை.

மிச்சப் பிழைகளை, அதாவது பொருத்திய அலையிலிருந்து ஒவ்வொரு படமும் எவ்வளவு விலகுகிறது என்பதை, ஒவ்வொன்றாக வரைந்து பார்த்தபோது, நிலவு உச்சியில் இருந்த படங்களில் விட்டம் கூடுதலாகவும் அடிவானத்துக்கு அருகே குறைவாகவும் இருந்தது. நாம் நிற்பது பூமியின் மையத்தில் அல்ல, மேற்பரப்பில். உச்சியில் இருக்கும் நிலவுக்கு நாம் கிட்டத்தட்ட 6,378 கி.மீ. நெருக்கம், அது பத்துப் பன்னிரண்டு பிக்சல்! படம் எடுத்த நேரத்தை வைத்து உயரத்தைக் கணக்கிட்டுத் திருத்தினேன். அப்புறம் சூரியனின் ஈர்ப்பால் நிலவின் பாதையில் வரும் மாற்றத்துக்கு இரண்டாவது அலை ஒன்றையும் சேர்த்தேன். வந்தது 27.56, பிழை 0.01. இப்போது 27.55-க்கும் 27.57-க்கும் இடையில் மிகச் சிறிய பகுதி உள்ள பின்னம் 248/9. அந்த இரவில் தாளில் ஒவ்வொரு பகுதியாக, 2, 3, 4 என்று எழுதி அடித்துக்கொண்டே வந்து, 7-இல் 193/7 அதாவது 27.571 மயிரிழையில் வெளியே விழுந்ததையும் 9-இல் நின்றதையும் பார்த்தபோது கை நடுங்கியது.

வாக்கிய முறை இதோடு நிற்பதில்லை. அடுத்த எண் 3031, அதாவது 110 சுற்று. 27.55455-இன் தொடர் பின்னத்தில் (ஓர் எண்ணைப் பின்னங்களால் படிப்படியாக நெருங்கும் முறை) 248/9-க்கு அடுத்துச் சரியாக 3031/110 வருகிறது, பிழை ஒரு நிமிடம்கூட இல்லை. அதற்கு மேலே 12372, அது 4 × 3031 + 248. 1825-இல் புதுச்சேரியில், இந்தியப் பஞ்சாங்க முறைகளை ஆராய்ந்த ஜான் வாரனுக்கு ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழி வைத்து, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணம் கணித்துக் காட்டினாரே, தொடக்கம் 4 நிமிடத்துக்குள் பொருந்தியதே, அந்த மரபின் எண்கள் இவை.

3031-ஐ என் படங்களால் தொட முடியாது. 248/9-க்கும் 3031/110-க்கும் உள்ள வித்தியாசம் சுமார் 0.001 நாள், என் பிழை அதைவிடப் பத்து மடங்கு. ஆனால் இதே வேகத்தில் படம் சேர்த்துக்கொண்டே போனால், காலம் இரட்டிக்கும்போது பிழை ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். நேற்று எடுத்தது 131-ஆவது படம், விட்டம் 704 பிக்சல்.