கேக் ஆற ஒரு கம்பி ரேக் வேணும்

ரொம்ப நாளா என் கேக்ல ஒரு குறை இருந்துச்சு. மேல நல்லா உப்பி நிறம் வந்திருக்கும், குச்சி குத்திப் பாத்தா சுத்தமா வரும், ஆனா வெட்டினா அடியில மட்டும் ஈரமா, அப்பி வச்ச மாதிரி ஒரு படை. அவன் (oven) சூடு பத்தலன்னு 10 டிகிரி கூட்டினேன், இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டுப் பாத்தேன், ஓரம் காஞ்சு போனதுதான் மிச்சம், அடி அப்படியேதான் இருந்துச்சு. ஒரு நாள் ஆற வச்ச தட்டுலேர்ந்து கேக்கை தூக்கினப்போ தட்டைப் பாத்தேன். கேக் இருந்த வட்டம் முழுக்க தண்ணி, விரலால இழுத்தா கோடு விழுற அளவுக்கு. அவன் மேல பழி போட்டுட்டு இருந்தேன், தப்பு தட்டுல இருந்துருக்கு.

சூடான பாத்திரத்த மூடி வச்சா மூடியில முத்து முத்தா வேர்க்கும் இல்லையா, அதேதான் இங்க தலைகீழா நடக்குது. கேக்குக்குள்ள இருக்கற ஆவி எல்லாப் பக்கமும் வெளிய வரப் பாக்கும், மேல வர்றது காத்தோட போயிடும், கீழ போறது தட்டுல முட்டி தண்ணியாகி மறுபடி கேக்லயே ஊறிடும். கம்பி ரேக்ல வச்சா அடியிலயும் காத்து ஓடும், அவ்ளோதான் அதோட வேலை. அதனாலதான் கால் உயரம் முக்கியம்னு சொல்றேன், மேடையோட ஒட்டிக் கிடக்கற ரேக்ல ஆவி போக வழி இல்லாம திரும்ப வேர்க்கும், ரெண்டு சென்டிமீட்டராவது தூக்கி நிக்கணும்.

குக்கீஸ்ல இன்னொரு விஷயமும் இருக்கு. ட்ரே சூடா இருக்கற வரைக்கும் அடி வெந்துகிட்டேதான் இருக்கும், அவனை அணைச்சாலும் சரி. ஆனா எடுத்த உடனே ரேக்குக்கு மாத்தினா மெத்துன்னு இருக்கறது உடைஞ்சிடும், கம்பி இடுக்குல தொங்கிடும். ரெண்டு மூணு நிமிஷம் ட்ரேலயே விட்டு, ஓரத்த கரண்டியால லேசா தூக்கிப் பாருங்க, வளையாம வந்தா மாத்தலாம். ரேக்ல சரியா ஆறினாத்தான் மொறுமொறுப்பு நிக்கும், சூட்டோட டப்பால போட்டு மூடினா எல்லாம் நமத்துப் போயிடும்.

கேக்குக்கு டின்லயே 10லேர்ந்து 15 நிமிஷம். முன்னாடியே கவுத்தா பிளந்துக்கும், ரொம்ப நேரம் விட்டா டின்னுக்குள்ளயே வேர்த்து ஓரம் ஒட்டும். கவுத்தினப்புறம் இன்னொரு ரேக்கையோ தட்டையோ வச்சு திரும்ப நிமித்திடுங்க, இல்லன்னா மேல் பக்கம் கம்பி கோடு விழும். ஐசிங் பண்றதா இருந்தா முழுசா ஆறணும், தொட்டா சூடே தெரியாத அளவுக்கு. வெண்ணெய் 35 டிகிரிக்குள்ளயே உருகிடும், அதனால லேசான வெதுவெதுப்பு இருந்தாலே க்ரீம் வழிய ஆரம்பிச்சிடும்.

எல்லாத்துக்கும் இதே ரூல் இல்ல. பிரவுனியை டின்னோட ரேக்ல வச்சு ஆற விட்டு அப்புறம் வெட்டுறது நல்லது. சீஸ்கேக்குக்கு அவசரமே கூடாது, அணைச்ச அவன்லயே கதவை கொஞ்சமா திறந்து வச்சு மெதுவா ஆறினா வெடிப்பு குறையும். ஏஞ்சல் ஃபுட் மாதிரி முட்டை வெள்ளைல நிக்கற கேக்கை டின்னோடயே தலைகீழா வைப்பாங்க, நேரா வச்சா அதோட கனத்துலயே அமுங்கிடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ரொட்டி ஆறுற நேரம். கனமான மேல்தோல் வந்த ரொட்டிய அவன்லேர்ந்து எடுத்து ரேக்ல வச்சுட்டு காதைக் கிட்ட கொண்டு போனா சின்னச் சின்னதா டிக் டிக்னு சத்தம் கேக்கும், தோல் சுருங்கி வெடிக்கற சத்தம் அது. அந்த வாசனையில கத்திய எடுக்காம இருக்கறது கஷ்டம்தான், ஆனா உள்ள கிட்டத்தட்ட 95 டிகிரி சூடு, ஸ்டார்ச் இன்னும் இறுகி முடிக்கல, இப்போ வெட்டினா உள்ள கொழகொழன்னு கத்தியில ஒட்டும். பெரிய ரொட்டின்னா ரெண்டு மணி நேரமாவது விடுங்க. ரை (rye) தானிய மாவுல செஞ்ச ரொட்டியா இருந்தா மறுநாள் வெட்டுறதுதான் சரி.

வாங்கும்போது குறுக்கும் நெடுக்குமா கட்டம் போட்ட கம்பியா பாருங்க. ஒரே திசையில ஓடுற கம்பின்னா சின்ன குக்கீஸ் நழுவி விழும், நடுவுல தொய்யவும் செய்யும். ரேக் உங்க ட்ரேக்குள்ள உக்காருற அளவுல இருந்தா இன்னும் நல்லது, மேல சாக்லேட் ஊத்தும்போது வழியறது ட்ரேல சேரும், வழிச்சு திரும்ப ஊத்தலாம். அவனுக்குள்ளயும் வைக்கப் போறீங்கன்னா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வாங்கணும், கோட்டிங் போட்டதை அதுல வைக்கலாம்னு தெளிவா எழுதியிருந்தா மட்டும் வைங்க. இப்போ ரேக் இல்லையா, பேக் பண்ண ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவனோட கம்பித் தட்டுல ஒண்ண வெளிய எடுத்து, நாலு மூலைக்கும் கிண்ணம் கொடுத்து வைங்க, நல்லாவே வேலை செய்யும்.

கழுவினதும் ஈரத்தோட சாத்தி வச்சுடாதீங்க. கம்பியும் கம்பியும் சேர்ற முனையிலதான் முதல்ல துரு பிடிக்கும், நான் துணியால துடைச்சுட்டு, அணைச்சு வச்ச அவன்ல மிச்சம் இருக்கற சூட்டுலயே அஞ்சு நிமிஷம் காய வச்சு எடுக்கறேன்.