ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?

"உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா, சார்?" என்று எங்கள் லேபில் போஸ்ட்டாக்காக, அதாவது பிஎச்டி முடித்த ஆய்வாளராக, இருந்த தம்பி கேட்டதும் "தெரியும்" என்றேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?" என்றார். அதற்கு நான் சொன்ன பதிலைத்தான் இன்னும் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். சில நாள் சரியாகப் படுகிறது, சில நாள் இல்லை.

நுரையீரல் சிடி ஸ்கேனில் தெரியும் சின்னக் கட்டி புற்றா, பழைய காசநோய்த் தழும்பா என்று பிரித்துச் சொல்லும் ஏஐ மாடலைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார். நம் பக்கத்தில் காசநோய் போடும் வேஷத்தில் ரேடியாலஜிஸ்ட்டே சில நேரம் ஏமாந்துபோவார். போஸ்ட்டாக் தம்பிக்கு அம்பாசமுத்திரம் பக்கம், இயற்பியலில் பிஎச்டி. வேலை படு சுத்தம். ஒரே நோயாளியின் ஸ்லைஸ்கள் (ஸ்கேன் காட்டும் குறுக்குவெட்டுப் படங்கள்) மாடலின் பயிற்சியிலும் டெஸ்ட்டிலும் கலந்துவிடக் கூடாது என்று நான் சொல்வதற்கு முன்பே பிரித்து வைத்திருந்தார். மாடல் எவ்வளவு சரியாகப் பிரிக்கிறது என்று காட்டும் ஏயூசி மதிப்பெண் (அதிகபட்சம் 1) 0.95-ஐத் தாண்டியது.

அன்று சாயங்காலம், ஸ்கேன் ஃபைலோடு வரும் விவரக் குறிப்பான டைகாம் ஹெடரிலிருந்து அவர் எடுத்திருந்த எக்செல் தாளைச் சும்மா புரட்டினேன். ஸ்லைஸ் தடிமன் இருந்த பத்தியில் கண் நின்றுவிட்டது. புற்று என்று உறுதியான படங்கள் பெரும்பாலும் 1 மி.மீ., 1.25 மி.மீ. பயாப்சியில் புற்று என்று வந்ததும் இங்கிருந்து பலர் திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ போய்விடுவார்கள். அந்த மாதிரிப் பெரிய இடங்களில் எடுத்தவை. தழும்பு என்று முடிவானவையோ உள்ளூர் ஸ்கேன் சென்டர் படங்கள், 5 மி.மீ. அந்தத் தடிமனில் 8 மி.மீ. கட்டி ஒன்றிரண்டு ஸ்லைஸில் மங்கலாக வந்துவிட்டுப் போகும். 1 மி.மீ.யில் விளிம்பின் முள் முள்ளான கோடுகள்கூடத் தெரியும், படத்தில் இரைச்சலும் கூடுதலாக இருக்கும். அப்படியானால் மாடல் படித்தது கட்டியையா, மெஷினையா?

இது புதுச் சிக்கல் இல்லை. 2018-ல் அமெரிக்காவில் நெஞ்சு எக்ஸ்ரேக்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. நிமோனியா கண்டுபிடிக்கப் பயன்படும் அதே வகை மாடலால், படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதையும் கிட்டத்தட்டப் பிழையில்லாமல் சொல்ல முடிந்தது. அந்தக் கட்டுரையைத் தம்பி படித்திருந்தார். கொடுத்ததே நான்தான்.

அதனால்தான் சொல்லவில்லை. இரண்டு நாளில் தானே பிடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ ஏயூசியை இன்னும் ஏற்ற வேண்டும் என்று மாடலின் அடுக்குகளை மாற்றிக்கொண்டிருந்தார். ஏழெட்டு வாரம் ஓடியது. மாநாட்டுக்கு அனுப்பும் கடைசித் தேதி நெருங்கும்போது ஒரு நாள் மடிக்கணினியோடு வந்தார், உட்காரவில்லை. ஒரு புற்றுப் படத்தில் கட்டியை மட்டும் அழித்துவிட்டு, பக்கத்து நுரையீரல் திசுவை வெட்டி அந்த இடத்தில் ஒட்டியிருந்தார். கட்டியே இல்லாத படத்தைப் பார்த்தும் மாடல் "புற்று" என்றது. அடுத்த படம், அதற்கடுத்த படம், எல்லாவற்றிலும் அதே கதை.

அப்புறம்தான் அந்தக் கேள்வி. நான் சொன்ன பதில்: "சொல்லியிருந்தா இப்படி அழிச்சுப் பாத்திருப்பியளா?"

"பாத்திருக்க மாட்டேன் சார். ஆனா மாநாட்டுக்கு வேற எதையாவது அனுப்பியிருப்பேன்."

ஃபெலோஷிப் முடிய அவருக்குச் சில மாதங்கள்தான் இருந்தன.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. போஸ்ட்டாக் என்பவர் மாணவர் அல்ல. நாளைக்கு அவருக்கென்று ஒரு லேப் இருக்கும், அங்கே தாளைப் புரட்டிப் பார்க்க நான் இருக்க மாட்டேன். அந்த மாடலை அப்படியே உள்ளூர் சென்டரில் வைத்தால் 5 மி.மீ. படத்தோடு வரும் புற்றுநோயாளியிடம் "தழும்புதான், போயிட்டு வாங்க" என்று சொல்லும். இதையும் நியாயமாகச் சொல்லிக்கொள்வேன். ஆனால் யோசித்தால், அது மாடலைத் தடுப்பதற்கான காரணமே தவிர நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கான காரணம் அல்ல. அவராகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தேனா, என் கண்ணில் முதலில் பட்டதை உள்ளூர ரசித்துக்கொண்டிருந்தேனா? இரண்டும் இருந்திருக்கும். அவர் பிடிக்காமலே போயிருந்தால் அனுப்புவதற்கு முன் தடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஒன்று மட்டும் நிச்சயம்: அந்த அழித்துப் பார்க்கும் சோதனை அவருடைய சொந்த யோசனை. இப்போது எங்கள் லேபில் எல்லோரும் அதைச் செய்கிறார்கள்.

அடுத்து வந்த பெண்ணுக்கு பெட் ஸ்கேன் வேலை. லேசான கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, அது உடம்பில் எங்கே சேருகிறது என்று பார்க்கும் ஸ்கேன் அது. ஊசி போட்டு 60 நிமிடத்தில் எடுத்த படமும் 90 நிமிடத்தில் எடுத்த படமும் கலந்திருந்தன. நேரம் கூடினால் பெரும்பாலான கட்டிகளில் மருந்து இன்னும் சேரும், படத்தில் அந்த மருந்தின் அளவு ஏறிக் காட்டும். முதல் நாளே சொல்லிவிட்டேன். ஒரே நாளில் பிரித்துச் சரி செய்துவிட்டார். இப்போது புது டேட்டா வந்தால் திறப்பதற்கு முன்பே என் மேஜைக்கு வந்து நிற்கிறார்: "இதுல எதுவும் இருக்கா, சார்?"

போன வாரம் வந்ததில் ஒன்று இருந்தது. "நீங்களே பாருங்கம்மா" என்றேன். மத்தியானத்துக்குள் நானே போய்ச் சொல்லிவிட்டேன்.