இடது செருப்பு

காவடி நாள். சேன்பியேர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு வாசலை நோக்கி நடந்தோம். செருப்பு விடும் இடம் வந்ததும் தம்பி குனிந்து வலது செருப்பைக் கழற்றினார். இடது காலைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்தக் காலில் செருப்பே இல்லை. திரும்பிப் பார்த்தால் இருபதடி பின்னால் தார் ரோட்டில் கிடக்கிறது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரேயூனியனில் தைப்பூசம் வருவது நல்ல கோடையில். கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார், சுட்டதுகூடத் தெரியவில்லை.

"எப்பவும் இப்படித்தான் அக்கா. கழண்டு போனா தெரியாது."

"இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அவர் கேக்கலையே."

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அவருடைய ஊனப் பென்ஷனுக்கான மருத்துவப் பரிசோதனை முடிந்திருந்தது. அதற்காக நான் இரண்டு மாதம் தாள் சேர்த்திருந்தேன். இடது பாதத்தில் உணர்ச்சி இல்லை என்பது அதில் ஒரு வரியிலும் இல்லை. அன்று சாமி கும்பிட்டேனா என்பதே எனக்கு நினைவில்லை.

நான் காரைக்கால்காரி. இந்தத் தீவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ராணுவத்தை விட்டு வருகிறவர்களுக்குத் தாள் வேலையில் கைகொடுக்கும் ஒரு சின்னச் சங்கத்தில் வேலை. தம்பி என்று நான் சொல்பவரும் அப்படி என்னிடம் வந்தவர்தான். எங்கள் ஊர்ப் பக்கம் 'சொல்தா வீடு' என்றால் எல்லோருக்கும் புரியும்: பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர் வீடு. என் தாத்தா சைகோனில் பணியாற்றியவர். அவருக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வதுதான் சின்ன வயதில் என் வேலை. தம்பியின் குடும்பமும் அப்படித்தான், 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பம். பத்தொன்பது வயதில் பிரான்சுக்குப் போய்ப் படையில் சேர்ந்தார். கட்டியது சேன்பியேர்ப் பெண்ணை. அவர்கள் கரும்பு வெட்ட வந்தவர்களின் வம்சம், இங்கே 'மல்பார்' என்பார்கள். வீட்டில் சாமி பெயரெல்லாம் தமிழ், பேச்சு கிரியோல். ஆக, இந்த ஊரில் அவர் தமிழ் பேச இருந்தது நான் ஒருத்திதான். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

ஆப்பிரிக்காவில், மாலி நாட்டின் காவோ நகருக்குப் பக்கத்தில், அவர் இருந்த கவச வண்டி கவிழ்ந்தது. இடுப்பில் அடி. நாலு நாள் படுக்கை, பிறகு மறுபடி பணி. அடுத்த இரண்டு வருடம் எதுவும் சொல்லாமல் ஓட்டியிருக்கிறார். ஒரு நாள் பயிற்சியில் கால் மடங்கி விழுந்தபோதுதான் ஸ்கேன் எடுத்தார்கள். அப்புறம் நீண்ட விடுப்பு, கடைசியில் ராணுவப் பணிக்குத் தகுதியில்லை என்ற முடிவு.

பிரெஞ்சு ராணுவ ஊனப் பென்ஷனின் அடித்தளம் 1919 மார்ச் 31-ஆம் தேதிச் சட்டம், முதல் உலகப் போரில் உறுப்பிழந்து வந்தவர்களுக்காகப் போட்டது. அது இந்தப் பணத்தை ஈடு என்று சொல்கிறது. நாட்டுக்காக இழந்ததற்கு நாடு செலுத்த வேண்டிய கடன். இதைத் தம்பிக்கு நான் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. "பிச்சை கேக்கற மாதிரி இருக்கு அக்கா" என்பார். என்னிடம் வந்த படைவீரர்களில் பாதிப் பேர் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஓய்வூதியத்தோடு சேர்த்தே இதை வாங்கலாம், இதற்கு வருமான வரியும் கிடையாது என்று விளக்கினால் தலையை ஆட்டுவார்கள். ஆனால் உள்ளே ஏறாது.

காயம் என்றால் 10 சதவீத ஊனத்திலேயே பென்ஷன் உண்டு. நோய் என்றால் குறைந்தது 30 வேண்டும். ஒரே முதுகுவலிதான், எந்த நாளில் எந்தச் சம்பவத்தில் வந்தது என்று தாளில் இருந்தால் காயம். வருடக்கணக்கில் மூட்டை தூக்கித் தேய்ந்து போனது என்றால் நோய். அதனால் படைப்பிரிவில் காயங்களை எழுதிவைக்கும் பதிவேடு இருக்கிறதே, அதில் அன்றைக்கே ஏறும் ஒரு வரிதான் பிற்பாடு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தம்பியின் பதிவேட்டு நகல் வந்தபோது பார்த்தேன்: தேதி, இடம், 'இடுப்பு வலி', பணிக்குத் திரும்பினார். அவ்வளவுதான். காலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பரிசோதனையில் என்ன நடந்தது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மருத்துவர் அன்பானவர்தான். "சா வா?" என்று கேட்டிருக்கிறார். இவர் "சா வா" என்றிருக்கிறார். பிரெஞ்சில் 'நல்லா இருக்கீங்களா' என்ற கேள்வியும் அதுதான், 'நல்லா இருக்கேன்' என்ற பதிலும் அதுதான். படையில் பத்து வருடம் காலையில் யார் கேட்டாலும் சொன்ன பதில், அது வாயில் தானாக வரும். குனியச் சொன்னபோது பல்லைக் கடித்துக்கொண்டு முடிந்த மட்டும் குனிந்திருக்கிறார். பயிற்சியில் மேலதிகாரி முன்னால் குனிகிற மாதிரி. இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

முடிவு வந்தது. முதுகுக்கு 15 சதவீதம். சிகிச்சைத் தாளில் எங்கோ இருந்த 'காலில் பலவீனம்' என்ற குறிப்புக்கு, பணியோடு தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று பதில். தம்பி கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி அக்கா, விடுங்க" என்றார். நான் விடவில்லை. முடிவு கைக்கு வந்த 6 மாதத்துக்குள் மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுதலாம். 2019 நவம்பரிலிருந்து, நீதிமன்றம் போவதற்கு முன் அந்தக் குழுவிடம் போவது கட்டாயம்.

வேலையின் பெரும்பகுதி காத்திருப்பதுதான். பென்ஷன் பிரிவு லா ரொஷேலில், சிகிச்சைச் செலவைப் பார்க்கும் ராணுவக் காப்பீடு தூலோனில். ஐரோப்பாவில் குளிர்காலம் என்றால் அங்கே காலை 9 மணி நமக்குப் பகல் 12. சாப்பாட்டு நேரம் முழுக்கத் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். ராணுவ மருத்துவமனைகளின் பழைய தாள்கள் லிமோஜ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. காவோவில் அன்று பார்த்த மருத்துவரோ செவிலியரோ எழுதிய தாள் ஒன்று எங்காவது இருக்க வேண்டும் என்று நினைத்து லிமோஜுக்கு எழுதினேன்.

பதில் வரும்வரை தம்பிக்கு ஒரு வேலை கொடுத்தேன். தினம் ராத்திரி வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்ப வேண்டும். தமிழில், அன்றைக்கு உடம்பு என்ன செய்தது என்று. பிரெஞ்சில் கேட்டால் சா வா என்பவர் தமிழில் வேறு ஆள். "கால் மரத்துப் போச்சு." "மாடிப்படில கால் தூக்கல, விரல் இடிச்சுது." "கட்டிலை விட்டு எறங்கறப்ப கால் என் கால் மாதிரியே இல்ல." ஒரு நாள், "சாயங்காலமானா எறும்பு ஊறற மாதிரி இருக்கு, கட்டை விரல்லேர்ந்து முட்டி வரைக்கும்." நான் கேட்டுக் கேட்டுத் தேதியோடு எழுதிக்கொண்டேன். வலி பத்துக்கு எத்தனை என்று படிவம் கேட்கிறது. இவர் அதில் 3 என்று போட்டிருந்தார். குரல் செய்தியில் மூச்சு இடறுவது எனக்குக் கேட்டது.

நாலாவது மாதம் லிமோஜிலிருந்து உறை வந்தது. ஒரே தாளின் நகல். கையெழுத்து கோணல், பாதி மங்கல். காவோ, விபத்து நடந்த அதே தேதி. இடுப்பில் வீக்கம் என்று எழுதி, அதன் கீழே இரண்டு சொல்: இடது பாதம், 'ஃபூர்மியமான்'. ஃபூர்மி என்றால் பிரெஞ்சில் எறும்பு. மரத்துப்போய்க் குறுகுறுக்கிற அந்த உணர்வுக்கு அவர்களும் எறும்பின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். விபத்தன்று, அடிபட்ட சூட்டில், தம்பி உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். யாரோ ஒருவர் அதைக் காதில் வாங்கி எழுதியிருக்கிறார். பதிவேட்டுக்குப் போகும் வழியில் அது விழுந்துவிட்டது. அதற்கப்புறம் அவரும் சொல்வதை நிறுத்திக்கொண்டார். மேசையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

முறையீட்டுக் கடிதத்தில் பெரிய சொல் எதையும் போடவில்லை. லிமோஜ் தாள், நரம்பு மருத்துவரின் புதிய அறிக்கை, தேதி வாரியான குறிப்பு, கோயில் வாசலில் கிடந்த இடது செருப்பு. செருப்பைப் பற்றி எழுதலாமா என்று தம்பி தயங்கினார். "அதுதான் முதல்ல" என்றேன்.

இதற்கு நடுவில் அவர் மனைவி ஒரு நாள் தனியாக வந்தார். டிசம்பர் கடைசி. இங்கே புது வருடத்துக்கு ஊரே சரவெடி வெடிக்கும். அந்த வாரம் இவர் போர்வையை எடுத்துக்கொண்டு மலைமேல், ப்ளேன் தே காஃப்ர் பக்கம், காரிலேயே போய்ப் படுத்துக்கொள்வாராம். மூன்று வருடமாக இப்படித்தான். தூக்கத்தில் கத்துவாராம். எனக்கு வந்த குரல் செய்திகளில் இதைப் பற்றி மூச்சே இல்லை. உடம்பைத் தமிழில் சொன்னவருக்கு இதை எந்த மொழியிலும் சொல்ல வரவில்லை. போரினால் வரும் மனக்காயத்துக்கு 1992-லேயே தனி அளவுகோல் வந்துவிட்டது, பல வருடம் கழித்து வெளிப்பட்டாலும் கேட்கலாம். பென்ஷன் கணக்கு விண்ணப்பம் போட்ட தேதியிலிருந்துதான் ஓடும். அதனால் அன்றைக்கே ஒரு பக்கத்தில் கோரிக்கையைப் போட்டுவிட்டு மற்றத் தாள்களைப் பிறகு சேர்த்தோம். என்னிடம் வருகிற எல்லோரிடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: தாள் முழுசாகச் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஒவ்வொரு மாதமும் பணம் போகிறது.

இரண்டாவது பரிசோதனைக்கு நானும் போனேன், காத்திருப்பு அறை வரைக்கும். உள்ளே போகுமுன், "இன்னைக்கு சா வா வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

முதுகும் காலும் சேர்த்து 40 வந்தது. மனக்காயத்துக்கு 20. "அப்ப 60 தானே அக்கா?" என்றார். இல்லை. முதல் 40 போக மீதி உடம்பு 60. இரண்டாவது ஊனம் என்பதால் 20-உடன் 5 கூட்டி 25. அந்த 60-இல் 25 சதவீதம் 15. ஆக 55. காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவர் 'மீதி உடம்பு' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சைப் பிசையும்.

மற்றவை வேகமாக நடந்தன. வெளிநாட்டுப் பணியில் 4 மாதத்துக்கு மேல் இருந்ததால் போர்வீரர் அட்டை, முன்னாள் போர்வீரர் அலுவலகத்தின் வழியாக. பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பட்டை, பென்ஷனில் ஏறிய ஊனம் என்பதால் செலவில்லாமல். மனநல மருத்துவர் மாதம் ஒரு முறை. படையிலிருந்து வந்தவர்களுக்கான ஒதுக்கீட்டு வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். பென்ஷன் இப்போதைக்கு 3 வருடத்துக்கு. அப்புறம் மறுபடி பார்ப்பார்கள். அந்தத் தேதியை என் நாட்காட்டியில் சிவப்பில் குறித்திருக்கிறேன். குரல் செய்தி இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறது.

இந்த வருடக் காவடிக்கும் வந்தார். பின்பட்டை வைத்த செருப்பு. செருப்பு விடும் இடத்தில் சுவரோரம் உட்கார்ந்து பட்டையை அவிழ்த்தார். அவர் பையை நான் வாங்கிக்கொண்டேன்.

"தரை சுடுதான்னு பாத்து சொல்லுங்க அக்கா," என்றார்.

காலை வைத்துப் பார்த்தேன். சுட்டது. பந்தல் நிழல் விழும் ஓரமாகவே சுற்றிப் போனோம்.