நான்கெல்லைக்குள் ஒரு பூட்டனார்

தேவிபட்டினத்தை அடுத்த எங்கள் ஊரில் பூட்டனார் பெயர்கூட யாருக்கும் நினைவில்லாதிருந்த நிலையில், அத்தையின் தகரப் பெட்டியில் கிடைத்த ஒரு கிரயப் பத்திரமே வழிகாட்டியது. எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர் இருவரையும் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று குறிக்கும் வழக்கத்தால், ஒரே வரியில் இரண்டு தலைமுறை கிடைத்துவிட்டது. அதைவிட வளமானது சொத்து விவரம்: நிலத்தின் நான்கு பக்கத்தும் என்ன இருக்கிறது என்று சொல்லும் நான்கெல்லையில் ‘கண்மாய்க் கரைக்குத் தெற்கு, என் சிறிய தகப்பனார் பாகத்துப் பனங்காட்டுக்கு மேற்கு’ என்றிருந்த தொடர், எவரும் சொல்லியிராத ஒரு கிளையை எனக்குக் காட்டியது. (அந்தப் பனங்காடு இன்று சீமைக்கருவேலங்காடு.)

ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். எங்கள் ஊர் அடங்கிய, இராமநாதபுரம் சேதுபதிகளின் சீமை 1803இல் ஜமீனாக நிலைப்படுத்தப்பட்டதால், 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்திற்குப் பிறகே இங்கு, நிலம் வைத்திருப்பவரிடம் அரசே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி நிலவரித்திட்டம் நடந்தது. ஆகவே, சர்வே எண்வாரியாக நில விவரம் தரும் அரசின் ‘அ’ பதிவேட்டில் அதற்கு முந்தைய முன்னோரைத் தேடுவது வீண். அக்காலத்துக்குப் பதிவு அலுவலகப் பத்திரங்களும், வீடுகளில் தப்பிய ஜமீன் தீர்வை ரசீதுகளுமே துணை. சர்வே எண்கள் மாறியிருக்கக்கூடுமாதலால், பழையதைப் புதியதோடு ஒப்பிட்ட பிறகே, ஒரு சொத்தின்மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றுக்கு மனுச் செய்வது நல்லது. நான் அவசரப்பட்டு, வேறொருவர் தோப்பின் வரலாற்றைப் பணம் கட்டி வாங்கினேன்.